இருபத்து நான்கு என்று நான் சொன்னேன்

காற்றாடி செய்து கரண்ட் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "எத்தன வோல்ட்?" என்றுதான் கேட்டார்கள். நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலம் ஒன்று இருந்ததே, அதிலிருந்து எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பழைய த்ரீவீல் ஓட்டோவின் பெட்டரியும் அதில் எரியும் சின்ன பல்பும் உண்டு. எல்லாம் பன்னிரண்டு வோல்ட். ஆகவே கேள்வியைக் கேட்டவர்களே பதிலையும் வைத்திருந்தார்கள். பன்னிரண்டில் செய்தால் எல்லோரும் ஆளுக்கொரு வயரை இழுத்துக்கொள்ளலாம். நான் இருபத்து நான்கு என்றேன். அன்றைக்கே நான் பொல்லாதவள் ஆகிவிட்டேன்.

ஓப்பநாயக்கவுக்கும் பலாங்கொடைக்கும் நடுவே, பஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறினால் வரும் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய் தவறி வந்துவிட்டது. தோட்டம் கம்பெனியுடையது, நாங்கள் அதில் பிறந்தவர்கள், அவ்வளவுதான். நானும் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். மழைநாளில் ஒரு தண்ணீர்க் கானைத் தாண்டும்போது கூடையோடு வழுக்கி விழுந்தேன், வலது முழங்கால் போய்விட்டது. இனி மேடு பள்ளம் ஏறக் கூடாது என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் மேடு பள்ளம் இல்லாத இடம் பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பும் அந்தக் களத்தில் நின்றுகொண்டே கொழுந்து எடுக்க முடியாது.

அதனால் தைக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூட யூனிஃபோர்ம், சட்டை, கீழே கிராமத்துச் சிங்களப் பெண்களின் ஜாக்கெட். வேலை நன்றாகவே வந்தது. காலால் மிதித்தால் முழங்கால் வீங்கும் என்பதால் மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டிக்கொண்டேன். லயத்துக்குக் கரண்ட் வருவது தோட்டத்து மீட்டரிலிருந்து. அதற்கான பணத்தை ஆட்களின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். நான் வேலைக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு பஸ் கராஜில் வேலை செய்கிறார். ஆக, நாங்கள் குடியிருக்கும் காம்பிராவிலிருந்து, தோட்டத்து ஆட்களின் பேர் எழுதும் செக்ரோலில் ஒரு பேர்கூடக் கிடையாது.

மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ஒரு நாள் ஆளோடு வந்தார். எங்கள் காம்பிராவுக்கு வரும் வயரை மட்டும் வெட்டச் சொன்னார்.

"சம்பளம் இல்லாத ஆளுக்கு எதுல புடிக்கிறது? நீ பேரக் குடு. அரை நாள் வந்தாக்கூடப் போதும். கரண்டும் வரும், காம்பிராவப் பத்தியும் யாரும் கேக்க மாட்டாங்க."

"கால் முடியாதுங்க ஐயா."

"முடியுற மட்டும் வா. வராட்டி காம்பிரா வேற ஆளுக்குத்தான் போகும், நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அனுதாபத்தோடு ஒரு மனிதர் என் மெஷினை நிறுத்திவிட்டுப் போனார். அரை நாள் என்றாலும் நான் ஏற வேண்டியது அதே மலைதான். ஏறினால் கால் போகும், கால் போனால் தையலும் போகும். நான் ஏற மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். கரண்ட் அவர்களுடையது, சரி. காற்று யாருடையது என்று ஒருவரும் இதுவரை சொல்லவில்லை.

சோலார் போடலாமே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு மழைக்காலம் வந்து இருந்து பார்க்க வேண்டும். வெயிலை ஃபோட்டோவில்தான் காட்டலாம். ஆனால் அதே மாதங்களில் மலை இடுக்கு வழியாக ஒரு காற்று வரும், கூரைத் தகரத்துக்குக் கல் வைத்தும் காணாது. மற்ற மாதங்களில் கொஞ்சம்தான் வீசும். அப்போது காஜா, பொத்தான், கை வேலைகளைச் செய்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஃபோனில் ஆளுக்கொரு விதமாகச் செய்து காட்டினார்கள். வான் வண்டிச் சில்லின் ஹப்பில் காந்தம் ஒட்டி, செம்புக் கம்பிச் சுருள்களுக்கு முன்னால் அதைச் சுற்ற விட்டால் கரண்ட் வரும். சுருள்களை ரெசின் ஊற்றி இறுக்கிவிடுவார்கள். கம்பி தடிப்பாகவும் சுற்று குறைவாகவும் இருந்தால் பன்னிரண்டு வோல்ட். கம்பி மெலிந்து சுற்றுக் கூடினால் இருபத்து நான்கு. ரெசின் காய்ந்த பிறகு மனம் மாறினால் சுத்தியலால் உடைக்க வேண்டியதுதான். அதனால் எல்லாவற்றுக்கும் முதல் வேலை, வோல்ட்டை முடிவு செய்வது.

"பன்னெண்டே போதும். ஊரே பன்னெண்டுல இருக்கு. நாம மட்டும் எதுக்கு வேற?" என்றார் வீட்டுக்காரர். சண்டை பிடிக்காத மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார்.

பன்னிரண்டை வைத்துக்கொள்ளலாம், காற்றாடி லயத்துக்குப் பக்கத்தில் நின்றால். நிறுத்துவதற்குக் கம்பம் வேண்டும், கம்பத்துக்குக் குழி வேண்டும். இரத்தினபுரிப் பக்கம் குழி என்றாலே மாணிக்கக் கல்தான். நீங்கள் கக்கூசுக்குத் தோண்டினாலும் நாலு பேர் வந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார்கள். நாங்கள் லயத்துக்குப் பின்னால் இடம் பார்த்து, தோண்டுவதற்கு ஒரு அலவாங்கைக் குத்தி வைத்ததுதான் தாமதம், அன்று பின்னேரமே தோட்டத்துக் காவல்காரர் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் கிராமத்திலிருந்து இரண்டு பேர் வந்து, கல் ஏதும் கிடைத்தால் தங்களிடம் சொல்லும்படி சிங்களத்தில் காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்து மண்ணில் ஒரு சாண் தோண்டினாலும் பொலிசுக்குப் போகும் என்று காவல்காரர் சொன்னார். அலவாங்கைப் பிடுங்கி எடுத்தோம்.

தோண்டாமல் நிறுத்த ஒரே ஒரு இடம்தான் இருந்தது. முன்காலத்தில் உச்சி மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பியில் தொங்கவிட்டுக் கீழே இறக்குவார்கள். கம்பி எப்போதோ போய்விட்டது. மேலே பாறையில் பதித்த இரும்புத் தூண் மட்டும் நின்றது, காற்று நேராக வந்து மோதும் இடத்தில். காற்றாடிக்கென்றே யாரோ நட்டு வைத்த மாதிரி இருந்தது. ஒரே குறை, அது எங்கள் காம்பிராவிலிருந்து வெகு தூரம். ஒரு தேயிலை மலை முழுக்க வயர் இழுக்க வேண்டும்.

கராஜ் முதலாளி பெலிஹுல்ஓயாப் பக்கத்துச் சிங்களவர். பழைய பஸ்களை வாங்கி உடைத்து விற்பவர். விஷயத்தைச் சொன்னதும் "பிஸ்ஸுத?" என்றார். பைத்தியமா என்று கேட்டாரே தவிர, இரண்டு பஸ் பெட்டரியையும் வயரையும் தந்தார். நான் வீட்டில் பல்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், வீட்டுக்காரர் தூணடியில் ஒரு பெட்டரியை வயரில் மாட்டினார். பல்ப் எரிந்தது என்று சொல்வதற்கில்லை. உள்ளே ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. பன்னிரண்டு வோல்ட் அவ்வளவு தூரம் நடந்து வருவதற்குள் வழியிலேயே தேய்ந்துபோனது. பிறகு இரண்டு பெட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, நான் இருபத்து நான்கு வோல்ட் பஸ் பல்பை மாட்டினேன். கண் கூசியது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. லயத்துக் குழாயில் தண்ணீர் வருவதைப் போலத்தான். தள்ளும் வேகம் குறைந்தால் கடைசிக் காம்பிராவுக்குச் சொட்டுத்தான் வரும். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் அதே வேலைக்குப் பாதிக் கரண்ட் போனால் போதும், வயர் தின்பதும் குறைந்துவிடும். பன்னிரண்டில் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் விரல் மொத்தத்துக்கு வயர் வாங்க வேண்டும். ஃபோனில் ஒருவர் நாற்பத்தெட்டுப் போடச் சொன்னார். அதில் வயர் இன்னும் மிச்சம்தான், ஆனால் நாற்பத்தெட்டில் ஓடும் மோட்டாரை நான் எங்கே தேடுவது? எங்கள் பக்கத்துப் பஸ், லொறி எல்லாம் இருபத்து நான்கு. உடைத்த பஸ்ஸின் வைப்பர் மோட்டார் ஒன்றை முதலாளி தூக்கி மேசையில் வைத்தார். அது மெதுவாகச் சுற்றும், ஆனால் இழுவை அதிகம். ஒரு சைக்கிள் ரிம்மை மாட்டி பெல்ட் போட்டால் தையல் மெஷின் ஓடும் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். பெட்டரியில் வைத்து ஓட்டியும் காட்டினார்.

மூன்றாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதை நான் ஒளிக்கவில்லை, லயத்து வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன். எங்கள் லயத்தில் ஒரு காம்பிராவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தால் மற்றப் பத்துக் காம்பிராவும் அதில் குடம் வைக்கும். அது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆளுக்கொரு பல்ப் மாட்டினால் என் மெஷின் நின்றுவிடும். இருபத்து நான்கில் உங்கள் பல்பை மாட்டினால் வெடித்துவிடும், ஆகவே யாரும் கை வைக்க வர மாட்டீர்கள். என் வயரை வெட்டியபோது யாரும் எனக்காகக் கரண்ட் கேட்டுப் போகவில்லை, இப்போது என் காற்றில் மட்டும் பங்கா?

பக்கத்துக் காம்பிரா அக்காவுக்குத்தான் கோபம் அதிகம். கொழுந்து மலையில் என்னோடு ஒரே நிரையில் நின்றவர். "பன்னெண்டுல செஞ்சா ஒனக்கு என்ன கொறஞ்சிரும்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன். மெல்லிய கம்பியை வாங்கி, பலகை அச்சில் சுற்றிச் சுற்றி விரல் வெடித்தது. பஸ்ஸின் பொடியை, அதாவது கூட்டை, ஒட்டும் ரெசினைக் கராஜில் வைத்தே ஊற்றினோம். பெரிய தண்ணீர்ப் பைப்பைக் கிழித்து காற்றாடிக்கு மூன்று இலை வெட்டினோம். கராஜ்காரர்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் தூணில் ஏற்றினார்கள். நான் ஏறவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தெரியாத வேலைக்கெல்லாம் யோசனை சொன்னேன்.

காற்று வந்தது. மெஷின் ஓடியது. முதல் தையல் கோணலாகப் போனது, நான் அழுதுகொண்டிருந்ததால். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

காற்று கூடும்போது ஒரு சிக்கல் உண்டு. பெட்டரி நிறைந்த பிறகும் காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும், மிஞ்சும் கரண்டை எங்காவது செலவழிக்காவிட்டால் பெட்டரி கொதித்துவிடும். அதற்காகப் பின்சுவரில் இரண்டு பஸ் ஹெட்லைட்டை மாட்டி வைத்திருந்தோம். பெட்டரி நிறைந்தால் அவை தானாக எரியும். ஆனி மாதக் காற்றில் பட்டப்பகலிலேயே பின்பக்கம் ஜெகஜோதியாக இருந்தது. அதே காற்றில் மரக்கிளை விழுந்து தோட்டத்து லைன் அறுந்தது. தோட்டத்து வேலைகளில் எப்போதும் கடைசியாக நடப்பது அதுதான், லயத்துக்குக் கரண்டைத் திருப்பித் தருவது. லயம் முழுக்க இருட்டு, த்ரீவீல் பெட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லை. என் ஹெட்லைட் மட்டும் கோழிக்கூட்டைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

அக்கா மௌனத்தை உடைத்தார். கோழிக்கூட்டுப் பக்கம் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கோழி என்ன சோதனை எழுதப் போகுதா?"

"மிஞ்சுற கரண்டு அக்கா. எரிச்சுத்தான் ஆகணும்."

"எரிக்கிறத மனுசருக்கு எரிச்சா என்ன?"

"ஒங்க பல்ப் பன்னெண்டு. வெடிச்சிரும்."

"கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுறாங்களே, அந்த சின்னப் பல்ப் எல்லாம் பெரிய கரண்டுல வெடிக்குதா? ஒன்னுக்குப் பின்னால ஒன்னா கட்டு. ரெண்டு பன்னெண்டு இருவத்திநாலுதானே?"

இரண்டு பெட்டரியை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டியவள் நான். இரண்டு பல்பையும் அப்படியே கட்டலாம் என்பது தெரியாமல் இருந்ததா, தெரிய வேண்டாம் என்று இருந்ததா, நானே சொல்ல மாட்டேன். சரி, மிஞ்சுவதுதானே என்று ஹெட்லைட்டுக்குப் போன வயரிலிருந்து ஒரு இழுப்புக் கொடுத்தேன். அக்கா காம்பிராவில் ஒரு பல்ப், அதற்கு அடுத்த காம்பிராவில் அதே ரகத்தில் இன்னொன்று.

அடுத்த காம்பிராவில் இருப்பது அக்காவின் மருமகள். கல்யாணமான ஆறாம் மாதமே அடுப்பைப் பிரித்துக்கொண்டவர்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. சீரியல் செட்டில் ஒரு பல்ப் அணைந்தால் மற்றதும் அணையும் என்பதை நாங்கள் மூவருமே யோசிக்கவில்லை. மாமியார் சோறு தின்று பல்பை அணைத்தார், சுவருக்கு அந்தப் பக்கம் மருமகள் கறிச்சட்டியோடு இருட்டில் நின்றாள். அவள் பிள்ளையைத் தூங்க வைக்க அணைத்தாள், இந்தப் பக்கம் மாமியாருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று ஆளுக்கு ஆள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். பிறகு சுவரைத் தட்டத் தொடங்கினார்கள். அப்புறம் சுவரைப் பார்த்து, "அணைக்கப் போறேன்" என்றது ஒரு குரல். "இருங்க, சட்டிய எறக்கிக்கிறேன்" என்றது மற்றது. வருசக்கணக்கில் பஞ்சாயத்துப் பேசியும் நடக்காத பேச்சு.

இதைப் பார்த்து மற்றக் காம்பிராக்காரர்களும் சோடி சேர்ந்துகொண்டு வந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் நினைத்தது என்ன, நடப்பது என்ன? ஆனாலும் காற்று அடிக்கும்போது மட்டும் என்று சொல்லி, இன்னொரு சோடிக்குக் கொடுத்தேன்.

அப்போதுதான் கணக்கப்பிள்ளை வந்தார். இந்த முறை ஆள் யாரும் கூட இல்லை. வீட்டுக்காரர் இருக்கும் நேரமாகப் பார்த்து, பின்னேரம் வந்தார். நான் மெஷினை நிறுத்தினேன், நாற்காலி போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"மேல மேனேஜர் தொரை வரைக்கும் கதை போயிருச்சு. அந்தத் தூண் தோட்டத்துத் தூண். நான் ஒனக்காகப் பேசிட்டேன். நீ ஒங்க வேலைக்கு மட்டும் வச்சிக்க. காம்பிராவும் இருக்கட்டும், பேரும் கேக்க மாட்டோம். மத்தவங்களுக்குக் குடுத்த வயர மட்டும் கழட்டிரு."

"ஏன் ஐயா? அவங்க கேட்டாங்க, மிஞ்சினத குடுத்தேன்."

"இன்னைக்கு வெளிச்சம் கேப்பாங்க. நாளைக்கு கரண்டுக்கு ஏன் சம்பளத்துல புடிக்கிறீங்கன்னு கேப்பாங்க. நாளன்னைக்கு ஒன்னையப் பாத்து அவளவளும் பேர வெட்டிட்டு ஒக்காந்துருவாளுக. அப்புறம் மலையில கொழுந்து யார் எடுக்கிறது?"

இதைவிட நல்ல பேரம் எனக்கு எப்படி வரும்? நான் ஆரம்பத்திலேயே கேட்டது இதைத்தான். என் மெஷின், என் கரண்ட், யாரும் கை வைக்கக் கூடாது. அதற்காகத்தானே வாசலில் நின்று கத்தினேன். இப்போது தோட்டமே வந்து அதைத் தட்டில் வைத்துத் தருகிறது, காம்பிராவையும் சேர்த்து. நான் தலையை ஆட்டினால் போதும்.

என் தலை ஆடவில்லை. எனக்குத் திடீரென்று தர்ம சிந்தனை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்துக் காம்பிராவோடு எனக்கு அன்றைக்கும் முழுச் சமாதானம் இல்லை. கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லலாம். கொடுக்காதே என்று அவர் சொல்லக் கூடாது. அன்றைக்கு என் வயரை வெட்டிய அதே வாய், இன்றைக்கு என் கையாலேயே அடுத்தவள் வயரை வெட்டச் சொல்கிறது. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கழட்ட மாட்டேன் ஐயா."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுட்டேன். இவ்வளவு நாளும் ரெண்டு சோடிக்குத்தான் குடுத்தேன். நாளைக்கு மத்தவங்களுக்கும் குடுப்பேன். நீங்க வேணாம்னு சொன்னதுக்காகவே குடுப்பேன்."

அவர் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். ஆண்பிள்ளையிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று நினைத்திருப்பார். "நீயாவது புத்தி சொல்லப்பா. காம்பிரா போயிரும். பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எங்க போய் நிப்ப?"

இவர் பன்னிரண்டே போதும் என்ற மனிதர். கையெடுத்துக் கும்பிட்டு, "சரிங்க ஐயா, கழட்டிர்றோம்" என்று சொல்லிவிடுவார், அதற்குப் பிறகு நான் என்ன கத்தினாலும் பயனில்லை. வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

"காம்பிரா வேணும்னா எழுதி அனுப்புங்க ஐயா. கராஜுல ஓடுற பஸ் ஒன்னு நிக்குது. மெஷின ஏத்த எடம் இருக்கு. மொதலாளி கராஜுக்குப் பின்னால ஒரு அறை தர்றேன்னு போன மாசமே சொல்லிட்டாரு. நாங்க இங்க இருக்கிறது இவ இங்கதான் இருப்பேன்னு சொன்னதால."

எனக்கு அது தெரியாது. அவர் முதலாளியிடம் கேட்டு வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், அவர் பயந்துவிட்டதாக நான் நினைத்துவிடுவேன் என்று இருந்துவிட்டாராம். கணக்கப்பிள்ளை எழுந்து போனார். தேத்தண்ணியைப் பாதி மிச்சம் வைத்திருந்தார்.

மறுநாள் மீதிச் சோடிகளுக்கும் சேர்த்து, மிஞ்சுவதிலிருந்து இல்லாமல் பெட்டரியிலிருந்தே வயர் இழுத்தோம். ஐந்து சோடிக்கும் ஒரேயடியாகக் கொடுத்தால் காற்றுக் குறைந்த நேரத்தில் என் மெஷின் தள்ளாடுகிறது. நான் கத்துகிறேன், இரண்டு சோடி அணைக்கிறார்கள், திட்டிக்கொண்டேதான் அணைக்கிறார்கள். சண்டை இல்லாத நாள் கிடையாது. பன்னிரண்டில் செய்திருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை என்று யாராவது சொல்வார்கள். பன்னிரண்டில் செய்திருந்தால் தூணுக்கும் லயத்துக்கும் நடுவில் தேயிலைச் செடிகளுக்குத்தான் வெளிச்சம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்வேன்.

காம்பிராவைக் கேட்டு எழுத்து எதுவும் இன்னும் வரவில்லை. வராது என்றும் சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு முறை கணக்கப்பிள்ளை இந்தப் பக்கம் வருகிறார், வாசலில் நின்று, "என்னா, பேரக் குடுக்குறியா?" என்று கேட்கிறார். இல்லைங்க ஐயா என்கிறேன். முன்பெல்லாம் அவர் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பதில் சொல்வேன். இப்போது நிறுத்துவதில்லை.